கான் ஓரத்து முனி

"மாமா, வெலகுங்க. நாளைக்குத் தோட்டத்துத் தொரை வர்றதுக்குள்ள இந்தக் கான் ஓரம் பூராவும் மருந்தடிச்சு முடிக்கணும்" என்றான் வினோஜன். முதுகில் களைக்கொல்லி டாங்கி தொங்கியது.

மாயாண்டி விலகவில்லை. அவருக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மழைத்தண்ணீர் ஓடும் கானின் ஓரத்தில், ஒரு செடி வெள்ளைக் குடை பிடித்தாற்போல் பூத்து நின்றது. ஆயுசு முழுக்கப் புல்லுவெட்டுக் கங்காணியாக இருந்து, தேயிலை மலையில் ஒரு களையை விட்டுவைக்காத மனிதர் அவர். இப்போது ஒரே ஒரு களைக்குக் காவல் நிற்கிறார்.

"இது களை இல்லடா. கேரட்டு, கொத்தமல்லிக்கெல்லாம் சொந்தக்காரச் செடின்னு ராமநாதன் சார் சொல்லியிருக்காரு. இந்த மலைய விட்டா வேற எங்கயும் இல்லாததா இருக்கலாமாம்."

"இருக்கலாமா, இல்ல நிச்சயமாவா?"

"காய் முத்தினாத்தான் சொல்ல முடியுமாம்."

ராமநாதன் சார் நுவரெலியாவில் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். காட்டுப்பூ தேடி வந்தவர் ஒருநாள் இந்தச் செடியின் முன்னால் குந்திவிட்டார். இலையைக் கசக்கி முகர்ந்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், பிறகு மாயாண்டியின் ஒற்றை அறைக் காம்பராவில் பால் விடாத பிளேன்டீ குடித்தபடி பொழுது சாயும்வரை பேசினார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வருகிறார்.

மாயாண்டியின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கொழும்பில் கடையே கதியென்று கிடக்கிறான். அவருக்கு ரேடியோதான் துணை. அது பேசும், இவர் சொல்வதைக் கேட்காது. செடி போனால் சாரும் வரமாட்டார்.

வினோஜன் மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிப் போனதும், செடியைச் சுற்றிக் குச்சி நட்டு வேலி கட்டினார். விடிந்தபோது லயமே அங்கே திரண்டிருந்தது. மாயாண்டி இடம் வளைக்கிறாராம். அவருக்கு மட்டும் கான் ஓரத்தில் இடம், நமக்கு இல்லையா என்று ஆளுக்கொரு குச்சியோடு கிளம்பிவிட்டார்கள். நல்லவேளையாகச் செடியை யாரும் மிதிக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் வேலியைப் பிடுங்கிப் போட்டு, ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்.

"ராத்திரி கனவுல முனி வந்துச்சு. இந்த எடத்துல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு."

வினோஜன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்கினான். குச்சிகளும் கலைந்தன. மாயாண்டி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தது. அவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெண்கள் சூடமும் தேங்காயுமாக வந்து போயிருந்தார்கள். கல்லைச் சுற்றிச் சாணி மெழுகிக் கோலம் போட்டிருந்தது. செடியைக் காணோம்.

"இங்க இருந்த செடி எங்க, லெட்சுமி?"

"சாமி எடத்துல புல்லு மண்டிக் கெடக்கலாமாண்ணே? நாந்தான் வேரோட பிடுங்கி ஆத்துல விட்டேன்" என்றாள் அடுத்த காம்பரா லெட்சுமி. "பூவ மட்டும் முனிக்குப் போட்டிருக்கேன், பாருங்க."

மாயாண்டி ஆற்றங்கரை வரை ஓடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மறுநாள்தான் சார் வருகிற நாள். லயத்துக்குப் பின்னால் லோஜினியின் மரக்கறித் தோட்டத்தில், விதைக்கு விட்டிருந்த ஒரு கேரட் அதே மாதிரி வெள்ளைக் குடையோடு நின்றது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி வந்து கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். கிழங்கு சிவப்பாக வெளியே எட்டிப் பார்த்தது. மண்ணை அள்ளி மூடினார்.

சார் வந்தார், குந்தினார், இலையைக் கசக்கி முகர்ந்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார். மாயாண்டி கிழங்கை மூடிய மண்ணைக் காலால் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"நல்லாத்தான் வளந்திருக்கு" என்றார் சார் கடைசியில். "காய்தான் இன்னும் முத்தல. அடுத்த மாசமும் வந்து பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

"அதுக்கென்னங்க சார், தாராளமா வாங்க. மொதல்ல டீயக் குடிப்போம்."

பொழுது சாயும்வரை பேசினார்கள். அவ்வளவு படித்தவரை ஏமாற்றிவிட்டோமே என்று மாயாண்டிக்கு உறுத்தியது. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. சார் ஆட்டோவில் ஏறிய பிறகு, அவர் மறந்துவிட்ட பையை எடுக்க ஓட்டுநர் தர்ஷன் திரும்பி வந்தான். மாயாண்டியின் காதருகே குனிந்தான்.

"சார் பாத்ததுமே கண்டுபிடிச்ச அந்தக் கேரட்டு அடுத்த மாசம் வாடிப்போனாலும் பயப்படாம வேற எதையாவது நட்டு வைங்க பெரியவரே, பழைய செடி ரோட்டோரம் பூரா மொளைக்கிறதுதான்னு மொத நாளே சார் என்கிட்ட சொல்லிட்டாரு, அவரு வீட்டுலயும் பேச ஆளு இல்லீங்க."