ஒண்டுமில்லை டாக்டரும் நர்சம்மாவும்

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டாக்டரய்யாவைப் போல நோயை நம்பாத வைத்தியர் இந்த உலகத்திலேயே இன்னொருவர் இருக்க முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர்களை நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு தன் யாழ்ப்பாணத் தமிழில், "உனக்கு ஒண்டுமில்லை, வேலைக்குப் போ" என்பார். பசியில்லை என்கிறவர் முன்னால் ரொட்டியும் கருவாடும் வைப்பார். தட்டுப் பக்கம் கண் போனால் ஆள் நடிக்கிறார் என்று தீர்ப்பு. தோட்டமே அவருக்கு 'ஒண்டுமில்லை டாக்டர்' என்று பேர் வைத்திருந்தது. ஆபீசில் கிளாக்கராக இருந்த நானும் அப்படித்தான் சொல்வேன், அவர் காதில் விழாமல்.

மனுஷன் தனிக்கட்டை. எலி பிடிக்க வந்து அவர் மேசையிலேயே குடியேறிவிட்ட நர்சம்மா என்ற பூனைதான் அவருக்கு எல்லாம்.

அந்த நர்சம்மா திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் டாக்டரய்யா என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"பசியில்லை எண்டால் ஏன் தட்டுக்குக் கிட்ட வாறாள்? பசி எண்டால் ஏன் சாப்பிடேல்லை? எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை, தம்பி."

ஸ்டெதஸ்கோப்பை நர்சம்மாவின் நெஞ்சில் வைத்துத் தடவினார். குர்ரென்று சத்தம். "நெஞ்சு முழுக்கச் சளி." கையை எடுத்தார், சத்தம் நின்றது. "சளி போயிட்டுது." மறுபடி தடவினார். சளி திரும்பி வந்தது. நர்சம்மா நழுவி மருந்து அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். "செத்துப் போயிடுவாளோ?" என்று என்னைக் கேட்டார்.

முந்தின நாள் இடுப்பு வலியென்று வந்து 'ஒண்டுமில்லை' வாங்கிப் போன, கொழுந்து பறிக்கிற முத்தம்மா அன்றும் வாசலில் நின்றாள்.

"பூனைக்கு வாயில நோவுங்கய்யா. எச்சி ஒழுகுது. மேல நக்காம முடியெல்லாம் சடை புடிச்சிருக்கு. பசிச்சு வருது, கடிக்க முடியல."

"ஒரு முனகல்கூட இல்லையே?" என்றார் டாக்டரய்யா.

"பூனை சொல்லாதுங்க, ஒளிஞ்சிக்கும். நாங்கதான் வந்து சொல்றோம். நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க."

அலமாரிக்கு அடியிலிருந்து பூனையை எடுத்து, தன் கம்பளியில் சுற்றி, அதன் வாயைத் திறந்தாள். மேலண்ணத்தில் குறுக்காக ஒரு கருவாட்டு முள். அவருடைய சோதனைத் தட்டில் இருந்து போனதுதான். டாக்டரய்யா இடுக்கியால் எடுத்தார். பிறகு முத்தம்மாவின் நாக்கைப் பார்க்காமலே இரண்டு நாள் ஓய்வுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். கருவாட்டுச் சோதனை அன்றோடு ஒழிந்தது.

அடுத்த வருஷம், ஊரில் என் அம்மா இறந்துபோன கடிதம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வழியோடு போன டாக்டரய்யா நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நர்சம்மாவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.