நட்டுவாக்காலிக்கு ஏற்ற வீடு

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம், யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் துரைக்குப் பெருங்குறை ஒன்று ஏற்பட்டது. கிளப்பில் ஒரு துரை மலைப்பாம்பு வளர்த்தார். இன்னொருவர் தேவாங்கு வளர்த்தார். இவரிடம் நாய் மட்டுமே இருந்தது. நாய் வளர்ப்பது அந்த வருஷம் நாகரிகம் அல்ல. ஆகவே, காட்டோரம் பிடிபட்ட உள்ளங்கை நீளக் கருந்தேள், அதாவது நட்டுவாக்காலி, கண்ணாடிப் பெட்டியோடு ஆபீஸ் மேசையில் பதவியேற்றது. அதன் க்ஷேமலாபங்களுக்கு, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி சதாசிவம் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார்.

வாரம் திரும்புவதற்குள் அது சோர்ந்து சுருண்டது. போட்ட கரப்பானைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வரவழைக்கப்பட்டார். கதவோரம் நின்றபடியே நோயாளியைப் பரிசோதித்தார்.

"கிராணியாரே, இதுக்கு ஈரம் போதல. ஆபீஸ் ரொம்பக் காஞ்சு கெடக்கு."

"ஈரத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

அந்நேரம் பார்த்துப் பால்வெட்டுக்காரி வெள்ளையம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, கூரை ஒழுகுதுங்க. மழையில அடுப்பே மெதக்குது. புள்ளைக்கு இருமல் நிக்கலீங்க. கொஞ்சம் அத்தாப்பு ஓலை குடுத்தீங்கன்னா..."

கேட்டுக் கேட்டுப் புளித்த விண்ணப்பம்தான். ஆனால் அன்று சதாசிவத்தின் முகம் மலர்ந்தது.

"வீடு எப்பவும் ஈரமாவே இருக்குமா?"

"பாய் காஞ்சே மாசக்கணக்காச்சுங்க."

"பேஷ்!"

அன்று மாலையே நட்டுவாக்காலி அவள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளையம்மா மறுக்கவில்லை. தேளைப் பார்க்க வரும் துரை கூரையையும் பார்ப்பார் அல்லவா?

துரை வந்தார். தேள் கரப்பானை முன் இடுக்கியில் இறுக்கி ருசித்துக்கொண்டிருந்தது. தொப்பியில் மழை சொட்டச் சொட்ட, "பாகுஸ்! பாகுஸ்!" என்று துரை மலாயில் மெச்சினார். மூலையில் குழந்தை இருமியது. துரை முகம் சுளித்து, கிராணியின் காதில் ஏதோ சொன்னார்.

"கூரையப் பத்தியாங்கையா?" என்றாள் வெள்ளையம்மா ஆவலாய்.

"ஆமா. ஒரு ஓலைகூட மாத்தக் கூடாதாம். புள்ளைய மெதுவா இருமச் சொல்லு."

துரை காலெடுத்து வைத்த வீடு என்று, கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவளுக்குத் தனி மரியாதை கிடைத்தது. பக்கத்து வீட்டு அர்ச்சுனனுக்குப் பொறுக்கவில்லை. காடெல்லாம் அலைந்து தானும் ஒரு நட்டுவாக்காலி பிடித்து வந்தான். அவன் வீட்டுக் கூரை நல்ல கூரை. கம்பால் குத்திப் பொத்தலாக்கினான். அப்புறம் லயம் முழுக்க அதே பேச்சு. யார் வீட்டுத் தேள் பெரிசு? யார் வீட்டு ஒழுக்கு ஜாஸ்தி? துரையும் ஞாயிறுதோறும் கிளப் சிநேகிதர்களைக் கூட்டி வந்து காட்டினார்.

குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த அன்று, வெள்ளையம்மா தேள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். லாலான் புல்லை அறுத்துக் கட்டினாள். தானே மேலே ஏறிக் கூரையை வேய்ந்தாள்.

சேதி சதாசிவத்துக்கு இன்னும் எட்டக்கூட இல்லை. அதற்குள் அர்ச்சுனன் ஏணியோடு வந்துவிட்டான். பின்னால் லயமே திரண்டு வந்தது.

"அலமாக்! உன் ஒருத்தியால நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு வரணுமா? துரை வர்ற நேரம், எறங்குக்கா!"

"புள்ளைக்குக் காய்ச்சல்டா, அர்ச்சுனா."

அவன் ஏறிப் புல்லைக் கத்தை கத்தையாகப் பிடுங்கிக் கீழே போட்டான்.

"எங்க வீட்டுலயுந்தான் எல்லாருக்கும் காய்ச்சல். நாங்க கூரையா போட்டோம்?"