ஒரு பீப்பாய்தான் கேட்டேன், மாமா

கண்டாவுத் தீவு, பிஜி,
செவ்வாய்க்கிழமை.

என் தாயின் தமையனார் இசிகேலி மாமா அவர்களுக்கு, மருமகன் தனியேலா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மாகெரெத்தா அத்தையும் உங்கள் பன்றிகளும் நலமாயிருக்கவும், உங்கள் புருவங்கள் மறுபடி முளைக்கவும் வேண்டுகிறேன். இங்கே அம்மா நலம். என் இன்ஜின் பட்டறை நலமில்லை. காரணம் நீங்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு பீப்பாய். உங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய இன்ஜின் ஆயிலோடு துருப்பிடித்து நிற்கிறதே, அது. இன்னொரு பெருமழை பெய்தால் அடி கழன்று அத்தனையும் அம்மா நண்டு பிடிக்கும் ஓடையில்தான் இறங்கும். கப்பலில் சூவாவுக்கு அனுப்பினால் பழைய ஆயிலை வாங்கிக்கொள்வார்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? "மண்ணுக்குள்ளேருந்து வந்தது மண்ணுக்கே போகட்டுமேடா" என்றீர்கள். வேறு வழியில்லாமல்தான், சபையில் யங்கோனா பானம் கலக்கும் கிண்ணத்தின் முன்னால் முறைப்படி கைதட்டி உட்கார்ந்து, மருமகன் உரிமையாக அந்தப் பீப்பாயைக் கேட்டேன். தங்கை மகன் கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது, சரிதானே? நீங்களும் சொல்லவில்லை. சிரித்தீர்கள். "எல்லாரு மருமவனும் பன்னி கேப்பான், படகு கேப்பான். எம் மருமவன் கருப்புத் தண்ணி கேக்குறான்! சூவாவுல போயி இதத்தான் படிச்சியா?" சபையே உருண்டு சிரித்தது. போகட்டும்.

ஆனால் அம்மா பிறந்த உங்கள் ஊரில் மீசை முளைத்தவர் எல்லோரும் எனக்கு மாமா முறை என்பதை நான் யோசிக்கவில்லை, நீங்கள் யோசித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். மறுநாள் விடியும்போதே என் பட்டறை வாசலில் மாமாக்கள் வரிசை. சகேயாசி மாமா குழந்தை குளிப்பாட்டும் தொட்டியில் பழைய ஆயில் கொண்டுவந்தார். பிலிமோனே மாமா கிழங்கு வேகவைக்கும் சட்டியில் கொண்டுவந்து, "சட்டியக் கழுவிக் குடுத்துரு, உங்க அத்தைக்கு மத்தியானத்துக்கு வேணும்" என்கிறார். மாமா, அந்தச் சட்டியில் இனி யாரும் சமைக்கக்கூடாது, நான் போய்ச் சொன்னால் அத்தை என்னை அடிப்பாள், நீங்கள் போய்ச் சொல்லுங்கள். ஒருவர் ஆயிலோடு பெட்ரோலையும் ஊற்றியிருந்தார். ஏன் என்று கேட்டால், "மருமவனுக்கு வெறும் அழுக்க எப்பிடிக் குடுக்கறது, மரியாதையா இருக்காதுல்ல?" கலந்துவிட்டால் சூவாவில் வாங்க மாட்டார்கள். வழியிலேயே ஒரு பொறி பட்டால் மரியாதையோடு எல்லோரும் மேலே போய்விடலாம்.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது. எரிவது பெட்ரோல் இல்லை மாமா, அதன் ஆவி. அது கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப்போகும். கிறிஸ்துமஸுக்கு மண் அடுப்பில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தபோது அதுதான் உங்களைத் தேடி வந்தது. கரியால் புருவம் வரைந்துகொண்டு கோயிலுக்கு வந்தீர்களே, பிரசங்கத்தை யார் கேட்டார்கள்? ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலில் அடுப்புப் பக்கம் நீங்கள் வைத்திருந்த பெட்ரோலைப் பாதிரியார் ஜூஸென்று டம்ளரில் ஊற்றி, மூக்குவரை கொண்டுபோனார். இன்னும் படகுக்குள்ளேயே வைத்து டாங்க் நிரப்புகிறீர்கள், சிகரெட்டோடு. கேட்டால், "சிகரெட்டு கையிலதானடா இருக்கு, வாயிலயா இருக்கு?" டாங்கைக் கழற்றி மணலில் வைத்து நிரப்ப உங்களுக்கு என்ன கேடு?

போதும். என் உரிமையை வாபஸ் வாங்குகிறேன். சூவா போகும் வியாழக்கிழமைக் கப்பல் மூடிபோட்ட சுத்தமான கேன்களைத்தான் ஏற்றும். என்னிடம் மிச்சமிருப்பவை சட்டியும் தொட்டியும். எல்லா மாமாக்களும் நாளைக்குள் வந்து அவரவர் சொத்தை எடுத்துப்போகவும்.

அத்தைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஒற்றை ஆளாக நான் காப்பாற்ற முடியாது.

தங்கள் மருமகன்,
தனியேலா

பி.கு.: மடித்துவைத்த கடிதத்தை அம்மா பிரித்துப் படித்தாள். "திருப்பி எடுத்துட்டுப் போயி எங்க ஊத்துவாங்கன்னு நெனைக்கிற?" என்று மட்டும் கேட்டு, நண்டுக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டாள். ஆகவே யாரும் எதையும் எடுத்துப்போக வேண்டாம். இனியும் கொண்டுவாருங்கள், மூடியோடு, பெட்ரோல் கலக்காமல். மேலே வாபஸ் வாங்கிய உரிமையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதன்படி இன்னொன்று கேட்கிறேன்: உங்கள் சட்டைப் பையிலிருக்கும் லைட்டர். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகுக்காரர் அதை வாங்காமல் திரும்பமாட்டார். இல்லையென்று சொல்லக்கூடாது, மாமா.