அபிக்கு வாசிக்கத் தெரியாது என்று நீதான் சொல்ல வேண்டும்

சேசு மரி சூசை

காரைக்காலில் இருக்கும் ரிட்டயர்ட் தலைமையாசிரியர், என் உடன்பிறந்த தம்பி அமலநாதனுக்கு, புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து உன் அக்கா சவரியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், மகள் சகாயசெல்வி, மருமகன் ஜெஸ்டின், பேத்தி அபி எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்றால், அதைத்தான் எழுதப்போகிறேன். அங்கே நீயும் உன் பெண்சாதியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. மாதா புண்ணியத்தில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும். குறையாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருந்தாக வேண்டும். அதுவுமில்லாமல், உன் மகன் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு உன்னோடு வாய்ப்பேச்சு வைப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருக்கிறேன். எழுதுவதில்லை என்று முடிவு செய்யவில்லை.

விஷயத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அபி பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் ஃபாத்திமா உன் கையில் படித்தவர். இன்னும் உன்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர். அவருக்கு நீ போன் போட்டு, "அபிக்கு வாசிக்க வராது, திருவிழாவில் நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முழுப் பரீட்சை வருகிறது. கேள்வித்தாளைப் படித்துக் காட்ட ஒரு ஆளும் எழுதக் கூடுதல் நேரமும் கொடுக்காவிட்டால் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடும். சொந்த அக்கா பேத்தி. உனக்குப் போன் பேச ஆகும் நேரம், நீ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் நேரம்கூட இருக்காது.

இப்போது ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு மறந்திருக்கும், எனக்கு எதுவும் மறக்காது. உன் மகன் நிச்சயதார்த்தத்தில் கல்யாண ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. நம் குடும்பத்தில் வீட்டுப் பிள்ளை ஒன்றுதான் எழுந்து நின்று ஓலை வாசிக்க வேண்டும், அது வழக்கம், நான் இல்லை என்று சொல்லவில்லை. கூட்டத்தில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? உன் கண் போய் அபி மேல் விழுந்தது. செல்வி எழுந்து, "வேணாம் மாமா, அவளுக்குக் கொஞ்சம் திக்கும்" என்று சொன்னாள். "அட விடும்மா, நம்ம வீட்டுப் பொண்ணு" என்று பேப்பரை அவள் கையில் திணித்தாய். பிள்ளை முதல் வரியிலேயே நின்றாள். சம்பந்தி பெயரை அவள் வேறு மாதிரி வாசித்ததும் சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்ததோடு விட்டாயா, மைக் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "எழுத்துக் கூட்டவே வரமாட்டுது. அப்படியே உன்ன மாதிரிதான் அக்கா" என்றாய். நான் பிரியாணி சாப்பிடாமல் வந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் இலையில் போட்ட நல்ல கறித்துண்டு யார் இலைக்குப் போனது என்பதும் தெரியும்.

உன்னை மாதிரி என்றாயே, நான் ஏன் இந்த மாதிரி? ஐந்தாம் வகுப்பில் என்னை நிறுத்தினார்கள். யார் தொட்டிலை ஆட்ட? மாமன் வீட்டுத் தொட்டிலையா? உன் தொட்டிலைத்தான். நீ வளர்ந்து கத்திக் கத்திப் பாடம் படித்தபோது நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பரீட்சை முடிந்ததும் மறந்தாய். நான் இன்றைக்கும் சொல்வேன், பிரான்சு தேசத்து ஆறுகள் எல்லாம். கேட்டால் போதும், பதிந்துவிடும். அபிக்கும் அதே காது. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்ததும் செல்வி இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அதற்கு முன்பு நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. வல்லாரை அரைத்துக் கொடுத்ததில் பிள்ளைக்கு வல்லாரை பிடிக்காமல் போனதுதான் மிச்சம். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு அரிசியில் திரும்பவும் எழுத்து எழுத வைத்தேன். அரிசியைக் கோழி தின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாள் நாளாக டெஸ்ட் வைத்துவிட்டு, இதுக்குப் பேர் டிஸ்லெக்சியா, புத்தியில் குறை இல்லை, எழுத்து மட்டும் இந்தப் பிள்ளை மூளையில் வேறு வழியாகப் போகிறது, தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், பரீட்சையில் நேரம் வேண்டும், கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், திட்டக்கூடாது என்றார். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் செல்வி அங்கேயே அழுதாளாம். ஜெஸ்டின் மட்டும் வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் பேப்பர்ல ஏறிடுச்சின்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று ஆரம்பித்தார். "உம்மையே ஒருத்தி கட்டிக்கினா இல்ல, அந்த மாதிரி எவனாவது வருவான்" என்றேன். அதிலிருந்து மருமகன் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ரசம் மிச்சமாகிறது.

பள்ளிக்கூடத்தில் லேசில் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதே. செல்வி நடையாய் நடந்தாள். கடைசியில் சரிதா டீச்சர் என்று ஒரு பெண்ணைப் போட்டார்கள். சின்ன வயசு, பொறுமைசாலி. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி, பிள்ளையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுவாள். சொல்லைத் துண்டு துண்டாக்கிக் கையால் தட்டச் சொல்லுவாள். "இன்னாடி இது, பஜனையா?" என்று நான்கூடக் கேட்டேன். ஆனால் ஒரு நாள் அபி பஸ்ஸின் போர்டைப் பார்த்து, "ஆயா, இது சாரம் போவுது" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். அன்றைக்குப் பார்த்து நாங்கள் போக வேண்டியதும் சாரம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் கோயில் திருவிழாவுக்கு நீ வருவாய், முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்காருவாய் என்று தெரிந்ததும் எனக்கு நிச்சயதார்த்த மைக் ஞாபகம் வந்துவிட்டது. சாமியாரிடம் போய், "திருவிழாப் பூசையில என் பேத்தி வாசகம் வாசிக்கட்டும் சாமி" என்று கேட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். புதிதாக வந்த சாமியார், பாவம், எங்களைத் தெரியாது. பைபிளில் சின்னப்பர் எழுதின நிருபத்தைக் கொடுத்தார். அதில் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிகிற வழியே தெரியாது. கோயில் உபதேசியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு நான் மனப்பாடம் செய்தேன். பிறகு கிழங்கான் மீன் ஆய்கிற நேரமெல்லாம் அபிக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்க்க வேண்டும், எங்கே விரலை நகர்த்த வேண்டும், எங்கே லேசாக இரும வேண்டும், எல்லாம். இருமல் நானாகச் சேர்த்தது. இயற்கையாக இருக்கும்.

"ஆயா, இது ஏமாத்துறது இல்லியா?" என்றாள்.

"இன்னா ஏமாத்து? ஆண்டவர் வார்த்தையத்தானே சொல்லப்போற? உன் சொந்தச் சரக்கா?"

"பாத்துப் படிக்கிற மாதிரி நடிக்கணுமே."

"உன் காரைக்கால் தாத்தா ஹெட்மாஸ்டர் மாதிரி காலம்பூரா நடிக்கல?"

பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம்தானே.

திருவிழாவன்று நீயே பார்த்தாய். பூசையில் அந்தப் பெரிய ஃபேனைப் பிள்ளை பக்கம் திருப்பி வைத்துவிட்டான் எவனோ. பாதி வாசகத்தில் காற்றுக்குப் பக்கங்கள் படபடவென்று புரண்டு எங்கேயோ போய் நின்றன. எனக்கு உயிர் போய்விட்டது. அபி அசையவில்லை. எந்தப் பக்கம் வந்து நின்றதோ அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்து, சொல்லிக்கொடுத்த இடத்தில் இருமி, ஒரு எழுத்து பிசகாமல் முடித்தாள். கோயிலே கேட்டது. நீ வெளியே வந்து, "பரவாயில்லையே, தேறிட்டாளே" என்றாய். அன்றைக்கு மத்தியானம் ஆட்டுக்கறி எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

ஆனால் உன் நாக்கு சும்மா இருக்குமா? உனக்குப் பின் வரிசையில் யார்? சிஸ்டர் ஃபாத்திமா. பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன் சிஸ்டர், நோயும் இல்ல ஒண்ணும் இல்ல, வீட்ல கண்டிக்க ஆளில்லாத குறை. பாருங்க, கொஞ்சம் அதட்டுனதும் எப்படி வாசிக்குது" என்றாய். அதட்டினது யார்? நீ காரைக்காலில் இருந்துகொண்டு அதட்டினாயா? சாம்பார் வாளியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தவள் நான். ஒரு சொல் விடாமல் கேட்டேன். வாளியைக் கவிழ்த்திருப்பேன், சிஸ்டர் வெள்ளை உடுப்பாயிற்றே என்று விட்டேன்.

திங்கட்கிழமை சரிதா டீச்சரை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். செல்வி ஓடினாள். "சின்னப்பர் நிருபத்தையே தடுமாறாம வாசிக்கிறவளுக்கு ஸ்பெஷல் டீச்சர் எதுக்கும்மா? நெஜமா கஷ்டப்படுற பிள்ளைக்குப் போவட்டும். பரீட்சையில நேரம் கேக்குறதும் நியாயமில்ல" என்றாராம் சிஸ்டர். "அது மனப்பாடம் சிஸ்டர், எங்க அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று இவள் உண்மையைச் சொன்னாள். "அப்போ கோயில்லயே பொய் சொன்னீங்களா, இல்ல இப்போ பொய் சொல்றீங்களா?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும், நீ படித்தவன், சொல். சரிதா டீச்சர் எங்களுக்காகப் பேசப்போய் அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பேப்பரைக் காட்டினால், அது திருவிழாவுக்கு முந்தின பேப்பர் என்கிறார்கள்.

இப்போது வீட்டில் செல்வி என்னோடு பேசுவதில்லை. மருமகன் ஏற்கெனவே பேசுவதில்லை. அபி பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "ஒழுங்கா வாசிச்சா டீச்சர எடுத்துட்றாங்க. வாசிக்கலன்னா சிரிக்கிறாங்க. நான் எப்படித்தான் இருக்கணும் ஆயா?" என்றாள். அன்றைக்கு மீனுக்கு உப்புப் போட மறந்தேன்.

ஆகையால் நீ போன் போடு. நடந்ததற்கெல்லாம் நீதான் காரணம். நீ அன்று ஓலையைத் திணிக்காமல் இருந்தால் நான் சாமியாரிடம் போயிருக்க மாட்டேன். நீ பந்தியில் வாயைத் திறக்காமல் இருந்தால் சிஸ்டருக்கு இது தோன்றியிருக்காது. ஹெட்மாஸ்டர் சொன்னால்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்பார். தப்பாகச் சொன்னதைக் கேட்டாரே, சரியாகச் சொன்னால் கேட்க மாட்டாரா? போன் போட்டுவிட்டு எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வரவும் வேண்டாம். நன்றி சொல்ல வேண்டிய நிலைமையில் என்னை வைத்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

உன் பெண்சாதிக்கு என் ஆசீர். உன் மகனும் மருமகளும் நிறைந்த சமாதானத்தில் இருக்கட்டும், அவர்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலும் இப்படி ஏறி இறங்கும் கதி வராமல் மாதா காக்கட்டும். இதை மனசாரச் சொல்கிறேன், உனக்காக அல்ல.

இப்படிக்கு,
உன் தொட்டிலை ஆட்டியவள்,
சவரியம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது அபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். யாருக்கு ஆயா என்றாள். வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தாத்தா போன் போட வேணாம், நான் முந்தாநாளே சிஸ்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன்" என்கிறாள். தனியாக. யாரிடமும் சொல்லாமல். "உன்கிட்ட சொன்னா நீ எதையாவது மனப்பாடம் பண்ண வைப்ப" என்கிறாள். சிஸ்டர் மேசையில் இருந்த பைபிளை எடுத்து, "நீங்களே ஒரு பக்கம் தொறங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, அவர் திறந்த பக்கத்தை அவள் வாசிக்கிற மாதிரியே வாசித்தாளாம், நின்று நின்று, திரும்பத் திரும்ப, கைதட்டிக்கொண்டு. மணி அடித்து பிள்ளைகள் எல்லாம் போயும் நிறுத்தவில்லையாம். சிஸ்டரும் போதும் என்று சொல்லவில்லையாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, சின்னப்பர் நிருபத்தை முழுக்கச் சொன்னாளாம், என் இருமலோடு. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சரிதா டீச்சர் அடுத்த வாரம் திரும்ப வருகிறாள். பரீட்சைக்கும் எழுதி அனுப்புகிறார்களாம்.

ஆனால் சிஸ்டர் ஒன்று சொல்லியிருக்கிறார். வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று. அதனால் தம்பி, மேலே எழுதினதில் வராதே என்று எழுதின இடத்தை விட்டுவிடு. வியாழக்கிழமையே புறப்பட்டு வா. போன் வேண்டாம், ஆளாக வா. நீ அங்கே ஒன்றும் பேச வேண்டாம், என் பக்கத்தில் நின்றால் போதும். ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குள்ளே தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்குடா. செல்வியிடம் சொல்லிவிடாதே.