கரடி விட்ட உபதேசியார்

"நாளைக்குக் காலையில தொரையும் தொரசானிம்மாவும் வாராங்களாம். ஆராதனை முடிஞ்சதும் கரடி பாக்கோணுமாம்" என்று கடிதத்தைப் படித்துவிட்டு, உபதேசியார் மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எந்தக் கரடிங்க?" என்றாள் மனைவி பொன்னாயி.

"நான் எழுதின கரடிதான்."

மலைமேலிருக்கும் வாழவந்தி நாட்டு மிஷன் கோயிலுக்கு அவர் உபதேசியாராக வந்து ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவது பொன்னாயியும், மழைக்கு ஒதுங்கும் இரண்டு ஆடுகளும். இதை அப்படியே சேலத்திலிருக்கும் வெள்ளைக்கார மிஷன் துரைக்கு எழுத முடியுமா? "ஜனங்கள் ஆவலாயிருக்கிறார்கள், வழியில் கரடி மறிப்பதால் வரக்கூடவில்லை" என்று மாதாமாதம் எழுதினார். முதல் வருஷம் ஒரே கரடி. போன மாதக் கடிதத்தில் அது பதினொன்றாகிவிட்டது. நல்ல மனுஷர் துரை, ஒரு தடவைகூடக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

"ஆளுமில்லை, கரடியுமில்லைன்னு தெரிஞ்சா வேலை போயிரும். இந்த ஊடும் மிஷன் ஊடு. எங்க போறது?" மாணிக்கம் கடிதத்தை மடித்து மடித்துப் பொட்டலமாக்கினார்.

"மொதல்ல ஆளைப் புடிங்க. கரடியை அப்பறம் பாத்துக்கலாம்."

ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரை கொடுப்பவர் அவர். வீடு வீடாகப் போய், "ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் வந்து உக்காருங்க. சுக்குக் காப்பி உண்டு" என்றார். இல்லையென்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் நாய்களோடு சேர்த்து ஊரே கோயிலுக்குள் இருந்தது.

துரைக்கு அறுபத்தைந்து வயது; ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தால் மகிழ வேண்டாமா? முகம் வாடிவிட்டது. பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, "இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே! கரடிகள் மறிக்கவில்லையா?" என்று கேட்டேவிட்டார்.

முன்வரிசையில் இருந்த கண்ணாயி எழுந்தாள். "கரடியா? பலாப்பழம் முடிஞ்சு மூணு மாசமாச்சு, இப்ப அதுக்கு இங்க என்னங்க வேலை? நம்ம உபதேசியாருதான் அப்பப்பக் கரடி உடுவாரு!"

கோயில் முழுக்கச் சிரிப்பு. மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். துரை மட்டும் சிரிக்கவில்லை. அவருடையது இலக்கணப் புத்தகத்தில் படித்த தமிழ்.

"உபதேசியார் கரடி விடுவாரா!" அவர் முகம் மலர்ந்தது. "மெத்த சந்தோஷம். இன்று எத்தனை மணிக்கு விடுவீர்?"

"மூ... மூணு மணிக்குங்க" என்றது மாணிக்கத்தின் பாழும் வாய்.

அந்த ஊரில் கரடியளவு உடம்பு சென்றாயனுக்குத்தான் உண்டு. கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்தித் தலைவரை இழுத்துவிட்டு மாணிக்கம் கெஞ்சினார்: "ரெண்டு நிமிசம் புதர்ல ஆடிட்டுப் போயிரு, கண்ணு."

"தொரையைக் கடிக்கோணுங்களா?"

"வேண்டாஞ்சாமி!"

மூன்று மணிக்கு ஓடைக்கு மேலிருந்த பாறையில் துரையும் துரைசானியும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத துரைசானி காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துரை சீமை மிஷனிலிருந்து வந்த ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

புதர் அசைந்தது. கரடி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சென்றாயன் அருமையாக ஆடினான். உறுமினான், மரத்தில் முதுகைத் தேய்த்தான். துரை குழந்தை மாதிரி கைதட்டினார். இரண்டு நிமிஷம் முடிந்தும் கரடிக்குப் போக மனமில்லை.

அப்போதுதான் சென்றாயன் வீட்டு நாய் ஓடிவந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு கரடியைச் சுற்றிச் சுற்றி வந்து, காலை நக்கி, கம்பளியைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு.

கோவணத்தோடு நின்ற கரடி துரையைப் பார்த்தது. காலையில் கோயிலில் கற்றுக்கொண்டது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. இரண்டு கையையும் கூப்பி, "தோத்திரங்க!" என்றது.

மாணிக்கம் அப்படியே காலில் விழுந்தார். "மன்னிச்சுருங்க தொர! கரடியெல்லாம் பொய்யிங்க. சபைக்கு ஆளே வாரதில்லீங்க. வேலையை மட்டும் எடுத்துராதீங்க!"

துரையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கை மறுபடியும் அந்தச் சட்டைப்பைக்குப் போயிற்று.

துரைசானி எழுந்து வந்தார். இருபத்தைந்து வருஷம் சேலம் சந்தையில் காய்கறி பேரம் பேசிய தமிழ் அவரிடமிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எந்திரிங்க உபதேசியாரே! அந்தக் கரடியைக் கம்பளியைப் போத்திக்கிட்டு ஒழுங்கா நிக்கச் சொல்லுங்க, போட்டோ கேட்டுச் சீமையிலிருந்து கடுதாசி வந்திருக்குது. நீங்க பதினொண்ணுதான் உட்டீங்க, இவரு சீமைக்கு நாப்பது உட்டிருக்காரு!"