முள்ளங்கி விசாரணை

எங்கள் நகராட்சி ஊழியர்களின் குறைகளை விசாரிக்க, சுயேச்சையான மூவர் நியாயக் குழு ஒன்று இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகளாக ஒரு புகார்கூட வராததால், குழு சீரிய முறையில் செயல்பட்டு வருவதாக ஆண்டறிக்கை சொல்லிவந்தது.

அந்தச் சாதனையைக் கெடுத்தவர் குடிநீர்ப் பிரிவு ஊழியர் குவபரா சாயே என்ற பெண்மணி. பக்கத்து ஊரில் ஒருவருக்கு வெங்காய வேடம் கட்டி, ஊரின் சின்னமாக விழாக்களில் ஆடவிட்டுப் பெயர் வாங்கிவிட்டார்களாம். உடனே எங்கள் ஊருக்கும் ஒரு முள்ளங்கி வேடம் தைத்தார்கள். பதினேழு வருடம் குழாய்க் கசிவு பார்த்த சாயேயை அதற்குள் நிற்கும்படி மாற்றல் போட்டார்கள். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்தார். இரண்டாம் முறை எழுந்ததும் நேரே போய்ப் புகார் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவர் குழுவின் செயலர் ததோகோரோ.

"சார், என்னை மாத்தினதே நீங்கதானே?"

"அது பணியாளர் பிரிவுத் தலைவர் ததோகோரோ. அவர் நாற்காலி அந்தப் பக்கம். இது சுயேச்சையான நாற்காலிம்மா."

அவர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதி முத்திரை குத்தினார். எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அதைப் பெற்றுக்கொண்டு இன்னொரு முத்திரை குத்தினார். மூன்று நாள் கழித்து வந்த தன் பதில் திருப்தியாக இல்லையென்று தன்னையே கடுமையாகக் கண்டித்தார்.

விசாரணை நாளன்று, குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இஸொகாய் கேட்டார்: "உள்ளே என்னம்மா கஷ்டம்?"

"மூச்சு முட்டுதுங்க."

"முள்ளங்கி மூச்சு விடுமா?" என்றார் ததோகோரோ.

"அது விடாதுங்க. நான் விடுவேன்."

இஸொகாய் நல்ல மனிதர். மனம் இளகித் தீர்ப்பு எழுதினார்: 'மாற்றல் செல்லாது. இனி எந்தப் பிரிவையும் சாராதவரே முள்ளங்கியாக நியமிக்கப்படல் வேண்டும்.'

ததோகோரோ இருமுறை படித்துப் பார்த்தார். "எந்தப் பிரிவையும் சாராதவங்க நகராட்சியில இந்தக் குழுவோட மூணு பேர்தான், தலைவரே. அதுல நீங்கதான் மூத்தவர்."

"இது அநியாயம். நான் எங்கய்யா புகார் கொடுக்கிறது?"

"இங்க ஊழியர்கள்தான் கொடுக்கலாம். உங்களுது கௌரவப் பதவி."

சாயே குழாய்களுக்குத் திரும்பினார். இலையுதிர்காலத் திருவிழாவில் இஸொகாய் முள்ளங்கியாக நின்றார். வேடத்துக்குள் இருப்பவர் பேசக் கூடாது என்பது விதி. டோஃபு கடைக்கார அம்மாள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சாக்கடைப் பிரச்சினையைச் சொன்னார். கனம் தாங்காமல் முள்ளங்கியின் தலை ஆடியது.

"இத்தனை வருஷத்துல, குறுக்க பேசாம கேட்ட அதிகாரி இவர் ஒருத்தர்தான்," என்று அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் வரிசை சேர்ந்தது. அந்த வாரமே மேயர் தனக்கும் ஒரு வேடம் தைக்கச் சொல்லிவிட்டார்.

நானும் வரிசையில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் தெருச் சாக்கடை இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. ஆனால், மனதில் ஒரு குறையும் இல்லை.