பூட்டானிலிருந்து இன்னும் இறங்காதவர்

ஊர் சுற்றப் போகிறவர்களில் இரண்டு சாதி உண்டு. போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் ஒரு சாதி. இவர்கள் உங்கள் கையில் ஒரு சொக்கலேற் பெட்டியைத் தந்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்களால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. மற்றச் சாதி, போன இடத்திலிருந்து திரும்பியே வராதவர்கள். விமானம் அவர்களை மொன்றியலில் இறக்கிவிட்டிருக்கும், குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரை குத்தியிருப்பார், மனைவி சோறு போட்டுக் குழம்பும் ஊற்றியிருப்பாள். ஆள் மட்டும் இன்னும் அங்கேதான் நிற்பார். அதிலும் இமயமலைக்கு மோட்டார் சைக்கிள் பயணம் போனவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவரை மலையிலிருந்து இறக்கக் கயிறு போதாது.

மொன்றியலுக்குப் பக்கத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் நகுலேஸ்வரன் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளைக் கணக்குப் பார்ப்பதே தொழில். ஐம்பது வயதானதும் தனக்கும் ஒரு ஆபத்து வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 2005 இலையுதிர்காலத்தில், வழிகாட்டி வைத்து மோட்டார் சைக்கிளில் பூட்டானைச் சுற்றிக்காட்டும் ஒரு நிறுவனத்தில் பதிந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். வழிகாட்டி முன்னால் போவான், பயணிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நடுவே போவார்கள், பெட்டிகளையும் மருந்துகளையும் ஏற்றிய ஜீப் ஒன்று பின்னால் வரும். ஜீப் சாரதியின் பெயர் கர்மா. பூட்டானில் அது சாதாரணப் பெயர்தானாம். ஆனால் கர்மா பின்னாலேயே வரும் என்று சைவப் பிள்ளையாகிய நகுலேஸ்வரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் நாள் காலை பாரோ பள்ளத்தாக்கில் அவருக்கு ஒரு பழைய புல்லட்டைக் கொடுத்தார்கள். "சேர், இந்த வண்டியில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக்" என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னான். நகுலேஸ்வரன் கையை வீசினார். நீ பிறக்க முதலே நான் யாழ்ப்பாணத்தில் ஹொண்டா ஓடினவன் என்பது அந்த வீச்சின் பொருள். யாழ்ப்பாணத்து ஹொண்டாவில் வலது காலுக்குத்தான் பிரேக். முதல் வளைவில் ஒரு பசு குறுக்கே வந்தது. நகுலேஸ்வரன் வலது காலால் ஓங்கி மிதித்தார். வண்டி கியரை மாற்றிக்கொண்டு வீதியை விட்டு இறங்கி, ஒரு வீட்டு முற்றத்தில் காயப் போட்டிருந்த செத்தல் மிளகாய்க் குவியலுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரம் தின்று வளர்ந்த ஊர்க்காரர் காரத்துக்குள் முழுக் கவசத்தோடு குப்புறக் கிடந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. கண் மட்டும் இரண்டு நாள் எரிந்தது.

மிச்சப் பயணம் முழுவதும் ஜீப்பில். ஒவ்வொரு கணவாயிலும் கர்மா வண்டியை நிறுத்துவான்; இவர் இறங்கி, யாரோ ஒரு ஜெர்மன்காரரின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று படம் எடுப்பார்; மறுபடி ஏறிக் கம்பளியைப் போர்த்துக்கொள்வார். அதுதான் நடந்தது. இனி, மொன்றியலில் நடந்ததைக் கேளுங்கள்.

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, முருகன் கோவில் அன்னதான வரிசை, எதுவானாலும் நகுலேஸ்வரன் தோல் ஜாக்கெட்டோடு வந்துவிடுவார். வசந்தத்தில் மொன்றியல் வீதிகளில் குழிகளுக்கா பஞ்சம்? அவருடைய காரில் ஏறியவர்களுக்கு ஒவ்வொரு குழியும் ஒரு பூட்டான். டோச்சுலா கணவாய் சித்திரை வருடப்பிறப்பில் பத்தாயிரம் அடியாக இருந்தது. கோவில் தேரன்று பதினையாயிரத்தைத் தொட்டது. மண்ணுலகில் வேறெந்த மலையும் இவ்வளவு கெதியாக வளர்ந்ததில்லை. ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் படையலில், இலைக்கு முன்னால் இருந்துகொண்டு, "சாவை நேரை பாத்த ஆள் நான்" என்று தொடங்கினார். செத்தவரின் மகன் பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

அன்று பக்கத்து இலையில் யோசெப் இருந்தார். மன்னார் ஆள்; இருட்டில் படகேறி, பிறகு காடும் நாடுமாக அலைந்து இந்தக் குளிருக்கு அகதியாக வந்து சேர்ந்தவர். தன் பயணத்தைப் பற்றி அவர் எங்கும் கதைத்ததில்லை.

"பேந்து?" என்று கேட்டார் யோசெப்.

"பேந்தென்ன, ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பாதாளம். வழி தெரிஞ்சவன் ஒருத்தன் முன்னாலை போவான். அவனை நம்பித்தான் எல்லாம்."

"ஓம் அண்ணை. எங்களையும் ஒருத்தன் அப்பிடித்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். ஏஜென்சிக்காரன் எண்டுதான் பேர். ஆனா சாமான் ஏத்த ஜீப் வரேல்லை. சாமானும் இருக்கேல்லை."

நகுலேஸ்வரனுக்கு இது பகிடியாகப் படவில்லை. கதைக்கு நடுவில் கதை சொல்லுகிறான் என்ற எரிச்சல்தான் வந்தது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நகுலேஸ்வரன் பொய் சொல்வதில்லை. "நான் வண்டி ஓடினனான்" என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. "விடிய வெளிக்கிட்டது, மலையிலை ஏறினது, மழைக்குள்ளாலை ஓடினது" என்றுதான் சொல்வார். என்ன அருமையான மொழி! ஏறினது யார், ஓடினது யார் என்று அதில் சொல்லத் தேவையில்லை. ஃபிரெஞ்சில் இது நடக்காது. நானோ நீயோ நாமோ என்று ஒருவரை முன்னால் நிறுத்தாமல் அந்த மொழி வாயைத் திறக்க விடாது. ஃபிரெஞ்சு பேசும் லொங்குய் அலுவலகத்தில் அவர் பூட்டானைப் பற்றி மூச்சு விடாததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் தியாகலிங்கம் வந்து விழுந்தார். நகுலேஸ்வரனோடு ஒன்றாகப் படித்தவர். சீனி வருத்தம், முழங்கால் வலி, தோற்காத மனம் எல்லாம் உள்ளவர்.

"நகுலேஸ், நானும் பதிஞ்சிட்டன். உம்மடை அதே கொம்பனிதான்."

"தியாகு, விசரே உமக்கு? அது சின்ன விளையாட்டில்லை."

"உம்மாலை ஏலுமெண்டா என்னாலை ஏலாதோ?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை நகுலேஸ்வரன் சொல்லவில்லை. அதே நிறுவனம். அதே வழிகாட்டி. அதே கர்மா. அந்த ஜீப்புக்குள் கம்பளி போர்த்திக்கொண்டிருந்த கனடாக்காரரைப் பற்றிச் சாரதி வாய் திறந்தால், தோல் ஜாக்கெட்டோடு இனி எந்த மண்டபத்துக்குள் போவது?

புறப்படுவதற்கு முதல் வாரம் தியாகலிங்கத்தின் மனைவி கௌரி வீடு தேடி வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"அண்ணை, நீங்கள் சொன்னாத்தான் கேப்பார். அந்த மலையிலை இவராலை ஓட ஏலுமோ? உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு நித்திரையில்லை."

ஜீப். ஒரு சொல். பின்னால் ஒரு ஜீப் வரும் தங்கச்சி, ஏலாவிட்டால் அதில் ஏறிக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் போனேன் என்று சொன்னால் அவள் அன்றைக்கே நிம்மதியாகப் படுத்திருப்பாள். நகுலேஸ்வரன் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"முருகன் துணை இருந்தா ஏலும், தங்கச்சி" என்றார்.

கௌரி அந்தச் சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். கணவன் பத்திரமாகத் திரும்பும்வரை ஒருநேரச் சாப்பாடு என்று நேர்ந்துகொண்டாள். நகுலேஸ்வரனும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பக்தி என்று சொல்ல முடியாது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவருக்குக் கர்மாவின் முகம் தெரிந்தது.

தியாகலிங்கம் முழுசாகத் திரும்பி வந்தார். சனிக்கிழமை அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் கூட்டம். ரோல்ஸ், வடை, இருபது சோடிக் கண்கள். நகுலேஸ்வரன் கதவுக்குக் கிட்ட இருக்கை தேடி உட்கார்ந்தார்.

"கர்மாவைச் சந்திச்சனான்" என்று தொடங்கினார் தியாகலிங்கம்.

நகுலேஸ்வரனின் கையிலிருந்த ரோல்ஸ் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

"என்ன சொன்னவன்?" என்றார் யோசெப்.

தியாகலிங்கம் பழைய நண்பனை ஒருமுறை பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "நகுலேஸ்வரனைத் தன்ரை உயிர் உள்ளவரைக்கும் மறக்கேலாதாம்" என்றார். சபை நகுலேஸ்வரனை மரியாதையோடு திரும்பிப் பார்த்தது. தியாகலிங்கம் தொடர்ந்தார். "அண்டைக்கு விடிய வெளிக்கிட்டது. நல்ல மழை. மலையிலை ஏறினது. வளைவுகளாலை ஓடினது, ஓடினது, அப்பிடி ஓடினது..."

நகுலேஸ்வரனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. ரோல்ஸ் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

"ஆர் அண்ணை ஓடினது?" என்றார் யோசெப்.

"நாங்கள்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

"அனுபவிச்ச ஆக்களுக்குத்தான் அது விளங்கும்" என்று நகுலேஸ்வரன் எழும்பி வந்து நண்பனைக் கட்டிப்பிடித்தார். சிலர் கை தட்டினார்கள். வடைத் தட்டோடு படியில் நின்ற கௌரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு வீரர்களும் அவள் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"பட்டினி கிடந்தது நான்" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கொண்டுபோய் யோசெப்பின் முன்னால் வைத்தாள்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு வாசித்துவிட்டீர்கள். நல்லது. நீங்கள் பூட்டானுக்குப் போனதில்லை, மோட்டார் சைக்கிளே பிடிக்காது, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டில்லை உறவில்லை. சரி, நம்புகிறேன். ஆனாலும் அடுத்த முறை நாலு பேர் நடுவில் "நாங்கள் அங்கை இருக்கேக்கை" என்று நீங்கள் தொடங்கும்போது, உங்களோடு அங்கே இருந்தவர் தேத்தண்ணி போடுகிறேன் என்று சாட்டுச் சொல்லி எழும்புகிறாரா என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.